ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகும்முன்: டென்டல் இன்சூரன்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) நிபுணரின் கிளினிக்கில் இன்சூரன்ஸ் கணக்கு பார்ப்பது என் வேலை. முதல் முறையாக டென்டல் கார்டு கைக்கு வந்தவர்கள், நான் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்ததையே நம்பிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். கார்டை மறந்து வருவதும் பிறந்த தேதியை மாற்றி எழுதுவதும் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள்.

"உங்கள் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்கிறோம்" என்றதும் கிளம்பிவிடுவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. போனில் "எங்கள் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்பார்கள். "ஓ, எடுத்துக்கொள்வோமே" என்று பதில் வரும். அது பொய்யும் இல்லை. பி.பி.ஓ. வகைத் திட்டம் (ஒப்பந்தத்தில் இல்லாத டாக்டரிடம் போனாலும் ஓரளவு பணம் தருவது) என்றால் உங்கள் சார்பில் கிளெய்மை, அதாவது இன்சூரன்ஸிடம் பணம் கேட்கும் படிவத்தை, நிரப்பி அனுப்புவதற்குப் பெரும்பாலான கிளினிக்குகள் தயார்தான். அந்த டாக்டர் உங்கள் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸோடு கட்டண ஒப்பந்தம் போட்ட டாக்டர்களின் பட்டியலில், இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை, கேட்காததை யாரும் சொல்வதும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை, டாக்டரின் கட்டணம் 1,600 டாலர், திட்டம் 80 சதவீதம் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் நெட்வொர்க்கில் இருந்து, ஒப்பந்தக் கட்டணம் 1,000 டாலர் என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் 800 தருவார்கள், நீங்கள் 200 கட்டுவீர்கள். மீதி 600-ஐ டாக்டர் உங்களிடம் கேட்க முடியாது. அவர் நெட்வொர்க்கில் இல்லாமல், இன்சூரன்ஸ் 'அனுமதித்த தொகை' (அந்தச் சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று அவர்கள் ஏற்கும் கட்டணம்) அதே 1,000 என்றால் அப்போதும் 800 வரும். ஆனால் 200-ம் அந்த 600-ம் சேர்ந்து 800 டாலர் உங்கள் தலையில் விழும். இரண்டிலும் சதவீதம் ஒன்றுதான், பில் மட்டும் நான்கு மடங்கு. டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும்முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை, இதில் சேரவில்லை.

முன்பு ஒரு பொதுப் பல் மருத்துவரின் கிளினிக்கில் இருந்தபோது ஓர் அம்மா வந்தார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் நெட்வொர்க்கில் இருப்பவர். அவரே, வாரம் ஒருமுறை அங்கு வந்துபோகும் ஸ்பெஷலிஸ்ட்டிடம் அனுப்பினார். அதே கட்டடம், அதே நாற்காலி, அதே ரிசப்ஷன். புதிதாக என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒப்பந்தம் டாக்டரோடுதான், கட்டடத்தோடு இல்லை. வந்துபோகும் அந்த டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. சில வாரம் கழித்து இன்சூரன்ஸ் அனுப்பிய விளக்கத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "80 பர்சென்ட் என்றுதானே போட்டிருக்கிறது?" என்றார். போட்டிருந்தது. அதற்கு இடப்பக்கம் 'அனுமதித்த தொகை' என்று ஒரு கட்டம் இருந்தது, அதை அவர் பார்க்கவில்லை. நெட்வொர்க் தள்ளுபடிக்கான கட்டத்தில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத்தான் அவர் தன் பணத்தால் நிரப்ப வேண்டியிருந்தது.

சரி, எப்படிக் கேட்க வேண்டும்? "இந்த டாக்டர், இந்த முகவரியில், என் கார்டில் இருக்கும் இந்த நெட்வொர்க்கில் ஒப்பந்தத்தில் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். மூன்றும் முக்கியம். ஒரே கம்பெனி இரண்டு மூன்று நெட்வொர்க் வைத்திருக்கும். ஒரே டாக்டர் ஒரு முகவரியில் உள்ளே இருப்பார், இன்னொரு முகவரியில் வெளியே இருப்பார். கிளினிக்கிலும் கேளுங்கள், இன்சூரன்ஸிலும் கேளுங்கள். இன்சூரன்ஸ்காரர்களிடம் பேசினால் அந்த அழைப்பின் குறிப்பு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் சிகிச்சையின் கோடு எண்ணைச் சொல்லி, அனுமதித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கடைவாய்ப் பல் வேர் சிகிச்சைக்கு டி3330. கோடு தெரியாவிட்டால் கிளினிக்கில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

வேர் சிகிச்சையோடு செலவு முடிந்தது என்று நினைப்பது

முடியவில்லை. ஸ்பெஷலிஸ்ட் வேரைச் சுத்தம் செய்து அனுப்பிவிடுவார். கடைவாய்ப் பல் என்றால் கிரவுன் (பல்லின் மேல் போடும் உறை) பெரும்பாலும் உங்கள் வழக்கமான டாக்டரிடம்தான். பில் இரண்டு, ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஆண்டு உச்சவரம்பு ஒன்றுதான், அதாவது ஓர் ஆண்டில் இன்சூரன்ஸ் தரும் அதிகபட்சத் தொகை. பல திட்டங்களில் அது 1,000 முதல் 2,000 டாலருக்குள்தான் இருக்கும். 1,500 டாலர் வரம்பில் வேர் சிகிச்சைக்கே 800 போய்விட்டால், ஆண்டுத் தொடக்கத்தில் அடைத்த பல்லின் கணக்கும் சேர்ந்து, கிரவுனுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வேர் சிகிச்சையைச் சில திட்டங்கள் 80 சதவீதப் பிரிவில் வைக்கும், சில 50 சதவீதப் பிரிவில் வைக்கும். கார்டைப் பார்த்தால் இது தெரியாது, திட்டக் கையேட்டில்தான் இருக்கும்.

புது ஆண்டில் வரம்பு புதிதாகத் தொடங்கும் என்று, டிசம்பரில் வேர் சிகிச்சை, ஜனவரியில் கிரவுன் எனப் பிரித்துக்கொள்ள யோசனை சொல்வார்கள். உங்கள் திட்டத்தின் ஆண்டு ஜனவரியில்தான் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். எவ்வளவு நாள் தள்ளலாம் என்பதை டாக்டரிடம் கேளுங்கள். கிரவுன் போடாமல் நாள் கடத்தினால் பல் பிளந்துவிடலாம். பிளந்த பிறகு பிடுங்குவதைத் தவிர வழி இல்லாமலும் போகலாம்.

முன்மதிப்பீட்டை உத்தரவாதமாக எடுத்துக்கொள்வது

சிகிச்சைக்கு முன்பே, எவ்வளவு தருவோம் என்று இன்சூரன்ஸ் எழுதித் தருவதுதான் முன்மதிப்பீடு. அது உங்கள் வரம்பில் அன்று மீதமிருப்பதை வைத்துப் போட்ட கணக்கு. இடையில் இன்னொரு கிளெய்ம் நுழைந்தால் தொகை மாறும். இம்பிளான்ட் (தாடையில் பதிக்கும் செயற்கைப் பல்), ஈறு அறுவை போன்ற பெரிய வேலைகளுக்குக் கட்டாயம் வாங்குங்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், வலியில் துடிக்கும்போது அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

எச்.எம்.ஓ. வகைத் திட்டத்தில் பரிந்துரை இல்லாமல் போவது

இந்த வகையில் பெரும்பாலும், உங்கள் வழக்கமான டாக்டர் எழுதி அனுப்பினால்தான் ஸ்பெஷலிஸ்ட்டுக்குப் பணம் வரும். இல்லாமல் போகாதீர்கள்.

ஞானப் பல்லுக்கு ஒரு கார்டை மட்டும் காட்டுவது

எலும்புக்குள் புதைந்த பல்லை அறுவை செய்து எடுக்கும்போது மெடிக்கல் இன்சூரன்ஸும் பணம் தர வாய்ப்பு உண்டு. சில டென்டல் திட்டங்கள் முதலில் அங்கேதான் அனுப்பச் சொல்லும். இரண்டு கார்டையும் கொடுங்கள். மயக்க மருந்து தனி வரியாக பில்லில் வரும், அதையும் தனியாகக் கேளுங்கள்.

ஏற்கெனவே போன பல்

திட்டத்தில் சேரும்முன்பே இழந்த பல்லுக்கு இம்பிளான்ட், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) எதற்கும் பணம் இல்லை என்று பல திட்டங்களில் ஒரு ஷரத்து இருக்கும். கையேட்டில் தேடிப் பாருங்கள்.

எத்தனை முறை என்று கேட்காமல் விடுவது

ஆண்டுக்கு இரண்டு பரிசோதனை என்று இருந்தால், ஸ்பெஷலிஸ்ட் முதல் நாள் பார்ப்பதும் அந்த இரண்டில் ஒன்றாகப் போய்விடலாம். ஈறு நிபுணரிடம் இன்னும் சிக்கல். ஆழமான சுத்தம் முடிந்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார். அதற்குக் கோடு டி4910. சாதாரணச் சுத்தத்துக்கு டி1110. பின்னதை முழுதாகத் தரும் திட்டம், முன்னதற்கு 80 சதவீதம் மட்டும் தரலாம், அதுவும் ஆண்டுக்கு இரண்டு முறைதான் என்று நிறுத்திவிடலாம். முதல் முறைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பில் வந்த பிறகு "சாதாரணச் சுத்தம் என்று மாற்றிப் போட்டுக் கொடுங்களேன்" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். செய்யாத சிகிச்சையின் கோடைப் போட்டால் அது மோசடி, மாட்டுவது கிளினிக். அதனால் எவ்வளவு கேட்டாலும் மாற்ற மாட்டோம்.