நாய்க்கும் பூனைக்கும் வீட்டில் இன்சுலின் ஊசி: முதல்முறை போடுகிறவர்களுக்கு

சர்க்கரை நோய் என்று சொல்லி, இன்சுலின் குப்பியைக் கையில் கொடுத்து மருத்துவர் அனுப்பிவிட்டார். ஊசியைப் பார்த்தாலே கை நடுங்குகிறதா? ஊசி மிக மெல்லியது. பல நாய்களும் பூனைகளும் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கவனம் வேண்டியது குத்துவதில் அல்ல, அளவில். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: குப்பியும் சிரிஞ்சும் பொருந்துகிறதா?

குப்பியில் யூ-40 அல்லது யூ-100 என்று இருக்கும். ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட், 100 யூனிட் என்று பொருள். சிரிஞ்சிலும் அதே எண் இருக்கவேண்டும். யூ-100 இன்சுலினை யூ-40 சிரிஞ்சில் 2 யூனிட் கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 5 யூனிட். ஒரு பூனையின் உயிருக்கே அது ஆபத்து. நேர்மாறாக எடுத்தால் வேண்டியதில் பாதிகூடப் போகாது. புதுப் பெட்டி வாங்கும்போதெல்லாம் இதைப் பாருங்கள்.

படி 2: முதலில் சாப்பாடு

பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி. சாப்பிட்ட பிறகு போடுங்கள். தட்டைத் தொடவில்லை, அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்டது என்றால் வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும் பூனையாக இருந்தால் எப்படி என்று முன்னாலேயே கேட்டுவையுங்கள்.

படி 3: மருந்தை எடுப்பது

குப்பி குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும், உறைய விடாதீர்கள். உறைந்துபோனதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். சில இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டவேண்டும், சிலதைக் குலுக்கவேண்டும், சிலதைக் கலக்கவே தேவையில்லை. உங்களுடையது எது என்று கேட்டுக் குப்பியிலேயே எழுதி ஒட்டுங்கள். சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். தோலுக்கடியில் குமிழி போனால் கெடுதல் இல்லை, மருந்தின் அளவுதான் குறையும்.

படி 4: ஊசி

விலாப்பக்கத்துத் தோலை இரண்டு விரலால் தூக்குங்கள், சின்னக் கூடாரம் மாதிரி நிற்கும். அதன் அடிப்பகுதியில் ஊசியைச் செருகி, மருந்தைத் தள்ளி, வெளியே எடுங்கள். அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் இடத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

ரோமம் நனைந்திருக்கிறதா? ஊசி தோலின் மறுபக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் மனசு, “இன்னொரு ஊசி போட்டுவிடலாமா” என்று கேட்கும். போடவே கூடாது. ஒரு ஊசி தவறினால் சில மணி நேரம் சர்க்கரை ஏறியிருக்கும், அடுத்த வேளை வழக்கமான அளவைப் போட்டால் போதும். இரண்டு மடங்கு போய்விட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

படி 5: சர்க்கரை இறங்கிவிட்டால்

சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், கடைசியில் வலிப்பு. விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சாப்பிடக் கொடுங்கள். சாப்பிடாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவுங்கள். மயங்கிய பிராணியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பிறகு நேராக மருத்துவரிடம். ‘சர்க்கரை இல்லாத’ இனிப்பு எதற்கும் உதவாது. அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு விஷம்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சீக்கிரமே சிகிச்சை தொடங்கி, மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகிறது. நல்ல செய்திதான், ஆனால் அந்தச் சமயத்தில் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நாய்களுக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ஊசிதான். கருத்தடை செய்யாத பெட்டை நாயென்றால் அதைப் பற்றியும் கேளுங்கள். சினைப்பருவத்தை ஒட்டிச் சுரக்கும் ஹார்மோன் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது.

அப்புறம், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். ஊசி போட்டவுடன் நேரத்தை எழுதி ஒரு டிக். காலையில் நீங்கள் போட்டது தெரியாமல் வீட்டில் இன்னொருவர் மறுபடி போட்டுவிடக்கூடாது.