சைட்கார் புல்லட்டில் நெடும்பயணம்: பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்

புல்லட்டின் கிளட்ச் கேபிள் அறுந்தால் திண்டிவனத்திலும் கிடைக்கும், திருமங்கலத்திலும் கிடைக்கும். பக்கவாட்டில் மாட்டும் ஒற்றைச் சக்கரத் தொட்டியான சைட்காரை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஐ போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) முறிந்தால் சென்னையிலேயே கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். பெட்டி கட்டும்போது இந்த வித்தியாசம் நினைவில் இருக்கட்டும். தனி பைக்கில் போகிறவர் இன்ஜின் சாமானை முதலில் எடுத்து வைப்பார். சைட்காரில் அது தலைகீழ். இணைப்பு, சக்கரம், டயர் முதலில். இன்ஜின் சாமான் மிச்சமிருக்கும் இடத்தில்.

பைக் வளைவில் சாய்ந்து போவதால் பாரம் எப்போதும் சக்கரத்தின் நடுக்கோட்டிலேயே இறங்கும். சைட்கார் மாட்டிய வண்டி சாயாது. வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளல் முழுவதையும் ஸ்போக்ஸ், ரிம், பேரிங், சட்டத்தின் பிடிமானங்கள் தாங்க வேண்டும். இழுக்கிற எடையும் கூடுவதால் கிளட்ச் சீக்கிரம் தேயும். கீழே சொல்வது காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட்டுக்கு, இடப்பக்கம் மாட்டிய சைட்காருக்கு. புது மாடல் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் பகுதி மட்டும் மாறும்.

இணைப்புகள்

சைட்கார் பெரும்பாலும் நான்கு இடத்தில் பிடித்திருக்கும்: கீழே முன்னும் பின்னும், மேலே முன்னும் பின்னும். நான்கிலும் இருக்கிற போல்ட், நட், பின் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று கையில் வேண்டும். ஐ போல்ட் ஒன்று, அதன் லாக் நட், அதன் பின், இரண்டு யூ கிளாம்ப், பத்து நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது), ஸ்பிரிங் வாஷர் ஒரு கைப்பிடி, மூன்று அளவில் ஸ்ப்ளிட் பின். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத சாதா போல்ட் கதவுக் கீலுக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

ஐ போல்ட் எங்கே முறியும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். லாக் நட்டை ஒட்டி, மரை தொடங்கும் பள்ளத்தில்தான். வண்டியின் சாய்வைச் சரிசெய்ய அதை வெளியே திருகிக்கொண்டே போவார்கள். உள்ளே நாலைந்து மரைதான் மிஞ்சும். போல்ட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு நீளமாவது உள்ளே இருக்க வேண்டும். 16 மி.மீ. போல்ட் என்றால் 24 மி.மீ. அவ்வளவு இல்லையென்றால் நீளமான போல்ட் செய்து மாட்டுங்கள். லேத் பட்டறையில் இஎன்8 ரவுண்டு (ஒரு வகை எஃகு உருளைக் கம்பி) என்று கேட்டால் புரியும். முறிந்ததை வெல்டிங் வைத்து ஒட்டி ஓட்டக் கூடாது. சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும், அப்போது எந்த வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்களோ தெரியாது.

வழியில் முறிந்தால் சைட்கார் சட்டத்தையும் வண்டிச் சட்டத்தையும் சேர்த்து ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கி, நடக்கிற வேகத்தில் பக்கத்துப் பட்டறை வரை கொண்டுபோகலாம். அதற்காக 25 மி.மீ. அகல பெல்ட் இரண்டு. சட்டத்தில் வேறு எங்காவது வெல்டிங் வைக்க நேர்ந்தால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்கு ஒட்டினாற்போல மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதன் குண்டுகளில் புள்ளி விழுந்துவிடும்.

போல்ட் தளர்கிறதா என்று பார்க்க ஒரு நகப்பூச்சுக் குப்பி போதும். நட்டின் மேலிருந்து பட்டை வரை குறுக்கே ஒரு கோடு இழுத்து விடுங்கள். காலையில் கிளம்பும்முன் சுற்றி வந்து பார்த்தால், கோடு உடைந்திருக்கிற நட் தளர்ந்திருக்கிறது. கோடு சரியாக இருந்தும் போல்ட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால் அது சாலைத் தூசி இல்லை. இரும்பும் இரும்பும் உரசி வந்த துரு. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் உள்ளே இருக்கிறது. கழற்றி, துளை நீள்வட்டமாகிவிட்டதா என்று பாருங்கள்.

பிறகு அலைன்மென்ட். சைட்கார் சக்கரம் வண்டிக்கு முழுக்க இணையாக இருக்காது. முன்பக்கம் கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்கும். வண்டியின் இரண்டு டயரையும் தொட்டபடி ஒரு நேரான அலுமினியக் குழாய், சைட்கார் டயரைத் தொட்டபடி இன்னொன்று வைத்து, முன் சக்கரத்துக்கு முன்னாலும் பின் சக்கரத்துக்குப் பின்னாலும் இடைவெளியை அளந்தால் முன்னால் 12 முதல் 20 மி.மீ. குறைவாக வர வேண்டும். இந்த வித்தியாசம் அதைவிடக் குறைந்தால் ஹேண்டில் ஓயாமல் இடப்பக்கம் இழுக்கும். கூடினால் டயர் தேய்ந்து, தடவிப் பார்க்கும்போது ரம்பம் போல் கையில் குத்தும். அதோடு வண்டி சைட்காரை விட்டு வெளியே, அதாவது வலப்பக்கம், ஒன்று இரண்டு டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நூலில் நட் கட்டித் தொங்கவிட்டுப் பின் ரிம்மை அளந்தால் மேல் விளிம்பு 9 முதல் 17 மி.மீ. வெளியே நிற்கும். ஆளும் சாமானும் ஏறிய பிறகே இதை அளக்க வேண்டும்.

இதையெல்லாம் வீட்டில் செய்துவிடுங்கள். சரியானதும் ஒவ்வொரு ஐ போல்ட்டிலும் லாக் நட்டுக்கு வெளியே எத்தனை மி.மீ. மரை தெரிகிறது என்று எழுதி, சைட்கார் மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். வழியில் போல்ட் மாற்ற நேர்ந்தால் குழாய் தேடி அலைய வேண்டாம்; எழுதி வைத்த அளவுக்குத் திருகினாலே ஏறக்குறைய பழைய நிலை வந்துவிடும். 3 மீட்டர் டேப்பும் நைலான் நூலும் பெட்டியில் இருக்கட்டும்.

சக்கரமும் டயரும்

பின் டயர் நடுவில் தட்டையாகத் தேயும். அது இயல்பு, ஆனால் தேய்மானம் வேகமாக இருக்கும். கிளம்பும்போது பின் டயரின் நடுவில் 3 மி.மீ. பட்டன்கூட இல்லை என்றால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ரஷ்யாவின் உரால் வண்டியில் மூன்று சக்கரமும் ஒரே அளவு, ஸ்டெப்னி ஒன்று பின்னால் தொங்கும், எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். நம் ஊர் சைட்கார்களில் அந்த வசதி கிடையாது. பழைய புல்லட்டில் முன்னும் பின்னும் 3.25-19. சைட்காரில் பலர் ஸ்கூட்டர் சக்கரம் போட்டிருப்பார்கள். ஆகவே இரண்டு டியூப்: 19 அங்குலம் ஒன்று, சைட்கார் அளவில் ஒன்று. ஸ்கூட்டர் சக்கரம் என்றால் ரிம்மோடு ஸ்டெப்னியே வைத்துக்கொள்ளலாம், சின்னதுதான்.

பஞ்சர் சாமானில் பேட்ச் பத்து, உப்புத்தாள், டயர் லிவர் மூன்று, வால்வு கோர் இரண்டு, அதைக் கழற்றும் சாவி, கொஞ்சம் டால்கம் பவுடர். சொல்யூஷன் சின்ன டியூபாக இரண்டு வாங்குங்கள். ஒருமுறை திறந்தது அடுத்த பஞ்சருக்குள் காய்ந்துபோயிருக்கும். 12 வோல்ட் கம்ப்ரசர் வைத்திருந்தாலும் கைப்பம்பை விடாதீர்கள்.

ஸ்போக்ஸ் பின் சக்கரத்தில்தான் அதிகம் உடையும். பிரேக் பக்கமும் மறுபக்கமும் நீளம் மாறும் என்பதால் இரண்டிலும் ஆறு ஆறு, நிப்பிளோடு (கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்). அவற்றைச் சைட்கார் சட்டக் குழாயோடு சேர்த்து டேப் சுற்றிவிட்டால் வளையாமல் இருக்கும். தினமும் நிறுத்தியதும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பாருங்கள். இறுகினது கணீரென்று சொல்லும், தளர்ந்தது மொத்தென்று விழும். உடைந்த கம்பியை அப்படியே விட்டால் அதன் தலை ஹப்பில் சிக்கும், இல்லையென்றால் நிப்பிள் உள்ளே ஏறி டியூபைக் குத்தும். மாற்ற நேரமில்லை என்றால் பக்கத்துக் கம்பியோடு கட்டுக்கம்பி சுற்றி வையுங்கள். ஒன்று உடைந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும், அடுத்தடுத்து உடையும். அன்றைக்கே மாற்றுவது நல்லது.

சக்கரம் கழற்ற மெயின் ஸ்டாண்டை நம்ப வேண்டாம். சைட்கார் மாட்டினபின் பல வண்டிகளில் அதைப் போடவே முடியாது. சின்ன கத்தரி ஜாக்கி ஒன்று, அதன் அடியில் போட ஓரடிச் சதுரமாக 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்று. பலகை இல்லாவிட்டால் மணலில் ஜாக்கிதான் கீழே போகும், வண்டி மேலே வராது. மறக்காமல் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சைட்கார் சக்கரம் பஞ்சரானால் ஜாக்கிகூடத் தேவையில்லை. ஒருவர் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் சட்டத்தடியில் கல்லைத் தள்ளிவிடலாம்.

சைட்கார் சக்கரத்துக்கு பேரிங் ஒரு ஜோடி, ஆயில் சீல் ஒன்று. பேரிங் எண்ணைப் பழையதைக் கழற்றிப் பார்த்தே வாங்குங்கள்.

கிளட்ச், செயின்

கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் முன் பல்சக்கரம்) ஒன்றிரண்டு பல் குறைத்து மாட்டாமல் மலை ஏறினால் கிளட்ச் பிளேட் தாங்காது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் பாதி கிளட்ச் பிடித்து ஏறினால், இறங்கும்போதே கருகல் வாடை வரும். ஃபிரிக்‌ஷன் பிளேட் ஒரு செட், கிளட்ச்சை மூடும் சைடு கவரின் ரப்பர் சீல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கவரை நடுவில் ஒரே ஒரு நட்தான் பிடித்திருக்கிறது. எண்ணெய் ஒழுகுகிறதே என்று அதை முரட்டுத்தனமாக இறுக்கினால் கவர் வளைந்து ஒழுக்கு கூடும். சீலைத்தான் மாற்ற வேண்டும்.

கிளட்ச் கேபிளை டூல் பெட்டியில் சுருட்டி வைக்காதீர்கள். ஓடுகிற கேபிளோடு சேர்த்தே இன்னொன்றை இழுத்து, இரு முனைக்கும் பாலிதீன் சுற்றிக் கட்டிவிட்டால், அறுந்த இடத்தில் முனையை மாற்றி மாட்ட ஐந்து நிமிஷம். ஆக்சிலரேட்டர் கேபிளுக்கும் அப்படியே. செயின் லாக் இரண்டு, ஒற்றை லிங்க் ஒன்று. உங்கள் செயினின் அகலத்துக்குப் பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள். லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்ஜினும் வயரிங்கும்

இங்கே அளவோடு நிறுத்தலாம். பிளக் இரண்டு, பிளக்குக்குத் தீப்பொறி எழுப்பும் பாயின்ட் செட் ஒன்று, அதோடு சேர்ந்த கண்டன்சர் ஒன்று, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பழைய பாயின்ட்டைத் தூக்கி எறியாமல், வேலை செய்கிற கண்டன்சரோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், புதிது சதி செய்தால் உதவும். டேப்பட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் பண்ண மெல்லிய ஸ்பேனர் இரண்டு தேவை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வைத் தள்ளும் புஷ் ராட் விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. 20டபிள்யூ50 ஆயில் ஒரு லிட்டர். பிஸ்டன், வால்வு எல்லாம் வீட்டில் இருக்கட்டும். அந்த அளவுக்குப் போனால் எப்படியும் மெக்கானிக்தான்.

வயரிங்கில் தொல்லை வரும் இடம் வண்டிக்கும் சைட்காருக்கும் நடுவில். சைட்கார் விளக்கு மினுக் மினுக் என்றால் பல்பை மாற்றுமுன் எர்த்தைப் பாருங்கள். பிடிமானத்தின் பெயின்ட்டும் துருவும் எர்த்தைத் தடுக்கும். பேட்டரி நெகட்டிவிலிருந்து சைட்காருக்குத் தனி எர்த் வயர் இழுத்துவிட்டால் அதோடு தீர்ந்தது. வயர் 2 மீட்டர், இன்சுலேஷன் டேப், ஃபியூஸ் ஐந்து, ஒவ்வொரு பல்பிலும் ஒன்று.

ஸ்பேனர்கள்

புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வடிவம். 1955-இல் மதராஸில் பூட்டத் தொடங்கினார்கள். அதனால் பழைய வண்டிகளில் அங்குல மரையும், பின்னால் வந்த மில்லிமீட்டர் மரையும் கலந்து கிடக்கும். சைட்கார் செய்த பட்டறையோ முழுக்க மில்லிமீட்டரில் செய்திருக்கும். 200 துண்டு செட் வாங்கிச் சுமப்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு நட்டிலும் மாட்டிப் பார்த்துப் பொருந்துகிறதை மட்டும் துணிச்சுருளில் வையுங்கள். லாக் நட்டுக்கு ஒரே அளவில் இரண்டு ஸ்பேனர் தேவைப்படும் என்பதைத்தான் பலரும் மறப்பார்கள். கூடவே கட்டிங் பிளேயர், கிரிப் பிளேயர், அரைக் கிலோ சுத்தியல், ஸ்போக்ஸ் சாவி, ஹேக்ஸா பிளேடு, கட்டுக்கம்பி, எம்-சீல், நெற்றி விளக்கு.

எங்கே வைப்பது

இடப்பக்கம் திரும்பும்போது சைட்கார் சக்கரம் தூக்கும், காலியாக இருந்தால் இன்னும் எளிதாகத் தூக்கும். ஆகவே ஜாக்கி, சுத்தியல், ஆயில் போன்ற கனமானதெல்லாம் சைட்கார் தரையில், சக்கரத்துப் பக்கமாக, நகராதபடி கட்டியிருக்க வேண்டும். பின் டிக்கியில் குவித்தால் முன் சக்கரத்தின் பிடி குறையும். தனியாகப் போகிறவர் 20 லிட்டர் தண்ணீர் கேனை அதே இடத்தில் கட்டிக்கொள்ளலாம், 20 கிலோ. வழியில் ஆள் ஏறினால் தண்ணீரைக் கொட்டிவிடலாம். தினமும் தேவைப்படும் ஸ்பேனர்ச் சுருள் மட்டும் சைட்காரைத் திறக்காமல் எட்டுகிற இடத்தில்.

எல்லாம் கட்டி முடித்ததும் வீட்டு வாசலிலேயே, பெட்டியில் இருப்பதை மட்டும் வைத்துப் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். உள்ளே ஓடி எதையாவது எடுத்து வர நேர்ந்தால், அது பெட்டியில் இல்லை என்று அர்த்தம். பிறகு 50 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நகப்பூச்சுக் கோடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு நட்டுகளை இறுக்குங்கள்.