3.1 ஜிபிஏ இருந்தும் நின்றுபோன உதவித்தொகை: மேல்முறையீடு செய்த விதம்

என் மகள் இங்கே அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டை 3.1 ஜிபிஏவுடன் (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) முடித்தாள். ஜூன் மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது: வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகையும், அதன் மாணவர் கடனும் நிறுத்தம். "இந்த மதிப்பெண்ணுக்கா?" என்று அவளைவிட நான்தான் அதிகம் குதித்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

மதிப்பெண்ணோடு, எடுத்த கிரெடிட்டில் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) எவ்வளவு தேறினாள் என்றும் பார்க்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் 67 சதவீதம் வேண்டும். 120 கிரெடிட் பட்டத்தை 180 கிரெடிட் எடுப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அதிலிருந்து வந்த எண் அது.

அவள் எடுத்தது 30. முதல் செமஸ்டரில் வேதியியலைப் பாதியில் விட்டாள், 4 போயிற்று. அடுத்ததில் என் அம்மா தஞ்சாவூரில் காலமாகி, மூன்று வாரம் ஊரில் இருந்தோம். திரும்பி வந்து இரண்டு பாடங்களை விட்டாள், 8 போயிற்று. மிச்சம் 18, அதாவது 60 சதவீதம். செமஸ்டர் தொடக்கத்தில் பாடம் மாற்றத் தரும் சில நாட்களுக்குள் விட்டிருந்தால் கணக்கிலேயே வந்திராது. பிறகு விட்டால், பாடத்திலிருந்து விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' விழும். அது ஜிபிஏவைத் தொடாது. அதனால்தான் எங்கள் கண்ணில் படவில்லை. அதே பாடத்தை மறுபடி எடுத்துத் தேறினாலும் பழைய 4 அழியாது.

செமஸ்டர்தோறும் சரிபார்க்கும் கல்லூரியாக இருந்தால், முதல் முறை எச்சரித்துவிட்டு ஒரு செமஸ்டருக்குப் பணம் தரலாம். இவள் கல்லூரி ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. ஆகவே நேரே மேல்முறையீடு.

கடிதம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும்: ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது. மகளின் முதல் வரைவில் பாட்டி சுட்ட அதிரசம் வரை இருந்தது. படித்து நான் அழுதேன். ஆனால் வேதியியலைப் பற்றி ஒரு வரி இல்லை. திருத்தி எழுதினோம்: வாரம் 25 மணி நேரக் கடை வேலையால் வேதியியல் போயிற்று, இப்போது வேலையை 10 மணியாகக் குறைத்தாயிற்று. இறப்புச் சான்றிதழ், விமான டிக்கெட், வேலை நேரம் குறைந்ததற்கு மேலாளரின் கடிதம் மூன்றையும் இணைத்தோம். நம் ஊர்ச் சான்றிதழில் ஆங்கிலமும் இருந்ததால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

கூடவே படிப்பு ஆலோசகரிடம் உட்கார்ந்து அடுத்த செமஸ்டருக்குத் திட்டம் போட வேண்டும். ஆசைப்பட்டு 16 கிரெடிட் எழுதாதீர்கள். 12 எடுத்து அத்தனையிலும் தேறினால் 42-க்கு 30, 71 சதவீதம், கரையேறியாயிற்று. அதில் ஒரே ஒரு 3 கிரெடிட் பாடம் நழுவினாலும் 64-தான்.

பதில் வருவதற்குள் கட்டணக் கெடு வந்துவிடும். கடிதம் கொடுத்த அன்றே கட்டணப் பிரிவுக்கும் போய்த் தவணை கேட்டு வையுங்கள்.