குப்பைக்கு விலை வந்ததும் நடக்கும் தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கூட்டங்களில் இப்போது ‘சுழற்சிப் பொருளாதாரம்’ அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு பொருளைப் பாவித்து எறியாமல் திருத்துவது, திரும்பப் பாவிப்பது, கடைசியில் உருக்கியோ உக்கவைத்தோ வேறொன்றாக்குவது. நல்ல விஷயந்தான். ஆனால் அதன் செலவு எப்போதும் கீழே நிற்பவன் தலையில் போய் விழுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2015இல் ‘நியாயமான மாற்றம்’, அதாவது சூழலுக்காக மாறும்போது தொழிலாளி நசுங்காமல் பார்ப்பது, பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டதும் இதனால்தான். நம் பக்கத்தில் எங்கே தவறு நடக்கிறது என்று பார்ப்போம்.

முதல் தவறுதான் பெரிய தவறு: திட்டம் வந்த பிறகுதான் மீள்சுழற்சி தொடங்குகிறது என்று நினைப்பது. பழைய இரும்பு, போத்தல் என்று கூவிக்கொண்டு சைக்கிளில் வருபவர் எத்தனை காலமாக இதைச் செய்கிறார்! அவர் வேலையைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். பிளாஸ்டிக் போத்தலின் மூடியைக் கழற்றி, லேபலைக் கிழித்து, மிச்சத் தண்ணீரை ஊற்றி, காலால் மிதித்து உரப்பைக்குள் திணிக்க வேண்டும். அரை லீற்றர் போத்தல் ஐம்பதுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். ஈரம் இருந்தால் கடைக்காரர் நிறையில் கழிப்பார். விலையைச் சொல்வது அவரும் இல்லை, அவருக்கு மேலே கொழும்பில் வாங்குபவர். இந்த நிலையில் ஒரு உள்ளூராட்சி சபை வந்து, ‘இனிக் குப்பை எங்களுக்கே சொந்தம், ஒப்பந்தகாரர் மட்டுந்தான் எடுக்கலாம்’ என்று சொன்னால் என்ன நடக்கும்? சேகரிப்பு ஒழுங்காகும், சரி. சைக்கிள்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. அவருக்கு அடையாள அட்டையும் கையுறையும் கொடுத்து, வீதி பிரித்துக் கொடுத்து, கிலோவுக்கு ஒரு குறைந்தபட்ச விலையும் நிர்ணயித்தால் அதே வேலை நடக்கும், அவரும் பிழைப்பார்.

இரண்டாவது, யாருக்கும் வேண்டாத பொருள் என்று மேலோட்டமாக முடிவு கட்டுவது. வயல் மாவட்டங்களில் இது சுலபமாக நடக்கும். அரிசி ஆலை உமி செங்கல் சூளைக்குப் போகிறது, நெல் அவிக்கும் அடுப்புக்குப் போகிறது. அறுவடை முடிந்த வயலில் மாடுகள் மேய்கின்றன. வாழைச்சேனைக் காகித ஆலைகூட ஒரு காலத்தில் வைக்கோலில் இருந்துதான் கடதாசி செய்தது. பிறகுதான் கழிவுக் கடதாசிக்கு மாறியது. ஆகவே வைக்கோலுக்கு ஒரு புதிய ஆலை வரட்டும், தடையில்லை. ஆனால் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர் மேய்ச்சல் தரைக்கே மல்லுக்கட்டும் ஊரில், அவரைக் கேட்காமல் வைக்கோலை மொத்த விலை பேசினால் அடுத்த சண்டைக்கு நாமே நாள் குறித்த மாதிரி.

அவகாசம் தராமல் மாற்றுவது மூன்றாவது. இதற்கு நமக்குப் பாடம் எடுக்க வெளியிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாக நிறுத்தப்பட்டது. சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், போடச் சொன்னார்கள். போதிய பசளை எங்கே என்பதற்குப் பதில் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் பெரும்போக விளைச்சல் விழுந்தது விழுந்ததுதான். குத்தகைக்கு வயல் எடுத்து, நகையை ஈடு வைத்தவருக்குத்தான் அடி பலம். இத்தனைக்கும் சேதனப் பசளை கெட்டதல்ல. அதன் பெயரைக் கெடுத்தது அவசரம். 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு தடைப் பட்டியலில் வந்தது. விடியப்புறம் இடியப்பம் அவித்து விற்கும் பெண்ணிடம் புதுத்தட்டு வாங்கக் காசு இருக்கிறதா என்று யார் கேட்டது? தடை சரியே. கூடவே தட்டுக்கு ஒரு சின்னக் கடனும் வந்திருக்க வேண்டும்.

குப்பைமேட்டை எந்த ஊருக்குப் பக்கத்தில் வைப்பது என்பதும் நியாயம் பற்றிய கேள்விதான். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் 20 யானைகள் அளவில் செத்ததாக 2022 ஜனவரியில் உலகமெங்கும் செய்தி வந்தது. யானைக்கு உலகம் அழுதது. குப்பைக்கு வந்து பழகிய யானை வயலுக்குள்ளும் இறங்குமே என்று இரவில் கண் விழிப்பவனைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். திட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்களைக் கேட்கும் ‘பங்குதாரர் கூட்டம்’ பெரும்பாலும் வேலைநாளில் காலை பத்து மணிக்குத்தான் வைக்கிறார்கள். அந்த நேரம் போத்தல்காரர் வெயிலில், சபைத் தொழிலாளி உழவு இயந்திரப் பெட்டியில். வந்திருப்பவர்கள் எல்லாரும் சம்பளத்தோடு வந்தவர்கள். பின்னேரம் ஆறரைக்குப் பழைய இரும்புக் கடை வாசலில் வையுங்கள், நாள் கூலி இழந்து வருபவர் யாரும் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.