ஜார்ஜ் டவுனில் நடப்பது எப்படி

திருமண அழைப்பிதழ் அச்சிடவோ, மொத்த விலையில் பாத்திரமும் துணியும் வாங்கவோ, வழக்கு விஷயமாகவோ, கோயிலுக்காகவோ ஒருமுறையாவது ஜார்ஜ் டவுனுக்குப் போகாத சென்னைவாசி அரிது. ஆனால் போனவர்களில் பலர் வேலை முடிந்ததும் விட்டால் போதும் என்று வெளியேறிவிடுகிறார்கள். உட்கார இருக்கை கிடையாது, பூங்கா என்று சொல்லத்தக்க இடம் ஏறக்குறைய இல்லை, நடைபாதை இருக்கும் இடத்திலும் கடைக்கும் சரக்குக்கும் போக மிஞ்சியதுதான் நடப்பவருக்கு. அப்படியிருந்தும் நகரத்தின் பொதுவாழ்க்கை இவ்வளவு அடர்த்தியாக நிகழும் இன்னோர் இடத்தைச் சென்னையில் காட்டுவது கடினம். அங்கே தெருதான் பொது இடம். விடியலில் பூ விற்கும் இடமாகவும், பகலில் மொத்த வணிகக் கூடமாகவும், மாலையில் சரக்கு ஏற்றும் தளமாகவும், இரவில் சிற்றுண்டிக் கடைகளின் வரிசையாகவும் அது நேரத்துக்கு நேரம் கைமாறுகிறது. எந்த நேரத்தில் தெரு யார் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால், அந்த நெரிசலுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காணலாம்.

முதலில், காரில் போகாதீர்கள். நிறுத்த இடம் தேடுவதிலேயே அரை நாள் போய்விடும்; நிறுத்திய வண்டி வேறொருவரின் சரக்கு வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். மெட்ரோவின் நீல வழித்தடத்தில் உயர் நீதிமன்றம், மண்ணடி ஆகிய இரண்டு நிலையங்களும் 2019 முதல் இப்பகுதிக்கு வாசலாக இருக்கின்றன. புறநகர் ரயிலில் வருபவர்களுக்குக் கடற்கரை நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கி ராஜாஜி சாலையைக் கடந்தால் நேரே மண்ணடித் தெருக்களுக்குள் நுழைந்துவிடலாம். மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இந்த ஒரு குறிப்பு மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது. உள்ளே போய்விட்டால், நம்பிப் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை கிடைப்பது அரிது.

அடுத்து, தெருக்களின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தெற்கில் கிழக்கு மேற்காக ஓடுகிறது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. அதிலிருந்து சீப்பின் பற்களைப் போல முக்கியத் தெருக்கள் எல்லாம் வடக்கு நோக்கிக் கிளம்புகின்றன. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தால் லிங்கிச் செட்டி தெரு, தம்புச் செட்டி தெரு, அரண்மனைக்காரத் தெரு, பிறகு பிராட்வே எனப்படும் பிரகாசம் சாலை. பிராட்வேக்குக் கிழக்கே இருப்பது பழைய முத்தியால்பேட்டை. மேற்கே, தங்கசாலைத் தெருவையும் தாண்டி வால்டாக்ஸ் சாலை வரை இருப்பது பெத்தநாயக்கன்பேட்டை. வழி தவறினால் பதற வேண்டாம். தெற்கு நோக்கி நடந்துகொண்டே இருந்தால் போஸ் சாலைக்கு வந்து சேர்ந்துவிடுவீர்கள். தெருக்கள் வடக்கு தெற்காக ஓடுவதில் இன்னொரு வசதியும் உண்டு. காலையில் கிழக்கு வரிசைக் கட்டிடங்களின் நிழல் தெருவில் விழுவதால் கிழக்கு ஓரமாகவும், பிற்பகலில் மேற்கு ஓரமாகவும் நடந்தால், சித்திரை வெயிலிலும் தலைக்கு நிழல் கிடைக்கும். கடற்காற்று திரும்பிய பின், குறுக்குச் சந்துகளின் முனையில் ஒரு நிமிடம் நின்றால் அதன் அருமை தெரியும்.

போஸ் சாலையின் ஒரு பக்கம் மூச்சுமுட்ட நெரிந்தும், எதிர்ப்பக்கம் உயர் நீதிமன்ற வளாகம் அகன்று விரிந்தும் கிடப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் கருப்பர் நகரம் என்று அழைத்த இந்தியர் குடியிருப்பு, தொடக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் நிலத்தில்தான் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோதும், 1749இல் ஆங்கிலேயர் அதைத் திரும்பப் பெற்ற பிறகும் அங்கிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. எதிரி மறைந்து வர இடமில்லாமல் பீரங்கிக்கு முன்னே வெட்டவெளி வேண்டும் என்பதே நோக்கம். அந்த வெளியில் இனி யாரும் கட்டிடம் எழுப்பக் கூடாது என்று எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டிடத்தை ஒட்டி இன்னும் நிற்கிறது; பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் கவனிக்காமல் கடந்து போகும் அந்தக் கல்லை ஒருமுறை நின்று பாருங்கள். வெளியேற்றப்பட்டவர்கள் வடக்கே குடியேறி எழுந்த ஊர்தான் இன்றைய ஜார்ஜ் டவுன். வெட்டவெளியாக வைக்கப்பட்ட நிலத்தில் 1892இல் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. அந்த வளாகத்தின் வழியாக மக்கள் நெடுங்காலம் குறுக்கே நடந்து போய்வந்தார்கள். அது பொதுவழி என்று யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காகவே, ஆண்டில் ஒரு நாள் எல்லா வாயில்களையும் அடைத்து வைக்கும் வழக்கம் நீதிமன்றத்துக்கு உண்டு. 2015க்குப் பிறகு பாதுகாப்புச் சோதனை கடுமையாகிவிட்டதால், வேலையில்லாமல் உள்ளே போவதை நினைக்க வேண்டாம். வெளியிலிருந்தே குவிமாடங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது போவது என்பது எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டிடங்களையும் தெருக்களையும் பார்க்க விரும்புபவர்கள், முதியவர்கள், குழந்தைகளை அழைத்து வருபவர்கள் ஆகியோருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையே ஏற்றது. மொத்த வணிகக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். வார நாளில் தோளோடு தோள் உரசும் தெருவில் நிமிர்ந்து மாடிச் சாளரங்களைப் பார்க்க முடியும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வார நாள் பகலில் இந்தத் தெருக்கள் ஏறக்குறைய மூடப்பட்டவையே. இதை நான் மிகுந்த வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அகலமான நடைபாதையும் சாய்தளமும் அமைப்பது முடியாத காரியமல்ல. பூ வாங்குபவர்கள் விடியற்காலையில் பூக்கடைப் பகுதிக்கு வர வேண்டும். காய்கறிச் சந்தை கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும், பத்ரியன் தெருவைச் சுற்றிப் பூ வணிகம் விட்டுப்போகவில்லை. பொருள் வாங்க வருபவர்களுக்குக் கடை திறந்த முதல் ஒரு மணி நேரம் நல்லது. கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும், தெருவில் வண்டிகளும் குறைவாக இருக்கும். மாலை ஆக ஆக, கட்டிய மூட்டைகள் லாரி பார்சல் அலுவலகங்களை நோக்கிக் கிளம்பத் தொடங்கும்; அந்த நேரத்தில் சும்மா சுற்றிப் பார்க்க வருபவர் எல்லோருக்கும் இடைஞ்சல்.

மூட்டை சுமப்பவருக்குத்தான் தெருவில் முதல் உரிமை என்பதை நடக்கும் விதத்தில் முதலில் பழகிக்கொள்ள வேண்டும். தலையில் துணிக்கட்டோடு வருபவராலும், பாரம் ஏற்றிய மீன்பாடி வண்டியை மிதித்து வருபவராலும் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. நின்றால் மறுபடியும் கிளப்புவதற்கு உடம்பின் பலம் முழுவதும் வேண்டும். பின்னாலிருந்து “ஓரம், ஓரம்” என்ற குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் முதலில் கடையோரமாக ஒதுங்குங்கள். திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில்தான் இடித்துக்கொள்வது நிகழ்கிறது. கைபேசியில் பேச வேண்டுமானால் சந்து முனையிலோ மூடிய கடையின் படியிலோ நின்று பேசுங்கள். கூட்டமாக வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். முதுகுப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்வது திருட்டுக்குப் பயந்து மட்டுமல்ல. பின்னால் வருபவருக்கும் அது இடம் விடுகிறது.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு என்ற பழைய முறை இன்னும் பெருமளவு நிலைத்திருப்பதால், என்ன வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டால் எங்கே போவது என்பது தெளிவு. துணிக்குக் கோடவுன் தெரு, காகிதத்துக்கும் அழைப்பிதழுக்கும் ஆண்டர்சன் தெரு, கண்ணாடிக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் தேவராஜ முதலி தெரு, மளிகைக்கும் உலர்பழத்துக்கும் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, நாட்டு மருந்துக்குக் கந்தகோட்டம் முருகன் கோயில் இருக்கும் ராசப்பச் செட்டி தெரு. கடைக்குள் நுழைந்ததும், “அண்ணா, சில்லறையா கொடுப்பீங்களா?” என்று முதலில் கேட்டுவிடுங்கள். டஜனாகவோ பெட்டியாகவோ மட்டும் விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேட்டு, பத்துப் பொருளை எடுத்துப் போடச் சொல்வது அவருடைய நேரத்தைப் பறிப்பதாகும். சௌகார்பேட்டையில் சேட்டு என்றும், மண்ணடியில் பாய் என்றும் அழைப்பது அங்கே பழக்கமுள்ளவர்களின் வாயில் இயல்பாக வரும். புதியவர் எங்கும் அண்ணா என்றே தொடங்குவது மரியாதை. விலையைப் பொறுத்தவரை, மொத்த வியாபாரியிடம் பெரிதாகப் பேரம் பேச இடமிருக்காது. அளவைக் கூட்டினால் விலை தானாகக் குறையும். நடைபாதை வியாபாரியிடம் பேசலாம். பேசி முடித்து அவர் ஒப்புக்கொண்ட பிறகு வாங்காமல் நகர்வது மட்டும் கூடாது.

கால் வலித்தால் எங்கே உட்காருவது என்பதுதான் இந்த ஊரில் கடினமான கேள்வி. அரண்மனைக்காரத் தெருவில் இருக்கும் ஆர்மேனியத் தேவாலயத்தின் முற்றத்தை நான் முதலில் சொல்வேன். இப்போதைய கட்டிடம் 1772இல் எழுந்தது. உலகின் முதல் ஆர்மேனிய இதழை 1794இல் இந்தச் சென்னையில் வெளியிட்ட பாதிரியாரின் கல்லறை அங்கே இருக்கிறது. மரநிழலில் அமைதியாக அமரலாம், ஆனால் மாலையில் திறந்திருக்காது. காலையிலேயே போக வேண்டும். அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயிலும், செவ்வாய்க்கிழமைகளில் மதம் பாராமல் மக்கள் திரளும் அந்தோணியார் திருத்தலமும் இருக்கின்றன. செவ்வாயன்று அந்தத் தெருவில் நடப்பதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். தம்புச் செட்டி தெருவில் காளிகாம்பாள் கோயில், பெத்தநாயக்கன்பேட்டையில் கந்தகோட்டம், பூக்கடைக்கு அருகே சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்ன மல்லீஸ்வரர் கோயிலும் உண்டு. கும்பிட வந்தவர்களுக்கு வழிவிட்டு மண்டபத்தின் ஓரத்தில் சற்று அமர்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். வடக்கே பழைய சிறைச்சாலைச் சாலையில், பதினெட்டாம் நூற்றாண்டு நகர மதிலின் எஞ்சிய பகுதியின் மேலேயே அமைந்த மாடிப் பூங்காவும் இருக்கிறது. எட்டு வைத்து நடக்கத் தயாரானவர்களுக்கு அது பொருத்தம்.

சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. மாலையில் தங்கசாலைத் தெருப் பக்கம் முறுக்கு சாண்ட்விச்சும் கச்சோரியும், கடற்கரை நிலையத்துக்கு எதிர்ப்புறத் தெருக்களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவும் வாழைத்தண்டு சூப்பும் கிடைக்கும். அந்தக் குடும்பங்களின் பிழைப்புக்காக 1969இல் உருவான பர்மா பஜாரும் அருகில்தான். தள்ளுவண்டியைச் சுற்றி நின்று சாப்பிடும்போது தட்டை வாங்கியதும் நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விடுங்கள்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுமை தூக்குபவரின் முகத்தை அவர் பாரத்தோடு இருக்கும்போது எடுக்காதீர்கள். அவரால் வேண்டாம் என்று சொல்லக்கூட நிற்க முடியாது. அவர் இறக்கி வைத்து ஓய்வெடுக்கும்போது கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தெருக்களில் தண்ணீர் தேங்கும். வடிகால் மூடி திறந்திருப்பது தெரியாது. அந்த மாதங்களில் பிடிப்புள்ள செருப்பு போட்டு, முன்னே நடப்பவரின் காலடியைப் பார்த்து நடங்கள். உடைந்த மூடியையோ, எரியாத விளக்கையோ கண்டால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் தெருவின் பெயரையும் அருகிலுள்ள கடையின் கதவெண்ணையும் சொல்லிப் புகார் செய்யுங்கள். விளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், இடம் தெளிவாக இல்லாத புகார் நகராது. நடைபாதை வியாபாரியை மட்டும் இடையூறாகக் கருதிப் புகார் எழுதுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவருடைய பிழைப்புக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. கணக்கெடுத்து, சான்று கொடுத்து, இடம் ஒதுக்க வேண்டிய பொறுப்பை உள்ளாட்சி மீதும், அச்சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவின் மீதும் வைத்திருக்கிறது. நடைபாதையை அடைத்து நிறுத்தப்பட்ட இருசக்கர வண்டிகளைப் பற்றி முதலில் புகார் எழுதுங்கள்.