டேட்டாபேஸ் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"டேபிள் டிசைனெல்லாம் அப்புறம் பார்க்கலாம், இப்போதைக்கு நோஎஸ்கியூஎல் போதும்" என்று தொடங்கிய ப்ராஜெக்ட்டுகள் நிறையப் பார்த்தாயிற்று. முதல் தவறே அங்கேதான். (நோஎஸ்கியூஎல் என்பது, டேபிள்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வைக்கும் எஸ்கியூஎல், அதாவது ரிலேஷனல், வகையைச் சேராத டேட்டாபேஸ்கள்.) ஸ்கீமாவை, அதாவது எந்தத் தகவல் எந்தப் பெயரில், எந்த வடிவில் இருக்க வேண்டும் என்ற விதியை, டேட்டாபேஸிடமிருந்து எடுத்துவிட்டால் அது எங்கேயும் போய்விடாது, நம் கோடின் தலையில் வந்து விழும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள்: ஒரு ஆவணத்தில் (அதாவது ஒரு பதிவில்) தொலைபேசி எண் 'போன்' என்ற பெயரில் எண்ணாக இருக்கும், அடுத்ததில் அதே பெயரில் எழுத்துகளாக, மூன்றாவதில் 'மொபைல்' என்று. எண்ணாகச் சேமித்ததில் முன்னால் இருந்த பூஜ்ஜியம் வேறு காணாமல் போயிருக்கும்.

அடுத்தது, ஜாயின் (டேபிள்களை இணைத்துத் தேடுவது) வேண்டாமே என்று எல்லாவற்றையும் ஒரே ஆவணத்துக்குள் திணிப்பது. வாடிக்கையாளரின் மின்னஞ்சல் ஒவ்வொரு ஆர்டரிலும் நகலாகக் கிடந்தால், அது மாறும் நாளில் எல்லா ஆர்டரையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் இரண்டு உண்மைகள். ஆனால் டெலிவரி முகவரி அப்படியல்ல. வீடு மாறினாலும் பழைய ஆர்டர் அன்றைய முகவரியைத்தான் காட்ட வேண்டும், அங்கே நகல்தான் சரி. இந்த வித்தியாசத்தை யோசிக்காமல் எந்த டேட்டாபேஸை எடுத்தாலும் சிக்கல்தான். வளர்ந்துகொண்டே போகும் பட்டியலை உள்ளே வைப்பவர்களுக்கு இன்னொன்று: ஆவணங்களாகச் சேமிக்கும் நோஎஸ்கியூஎல் டேட்டாபேஸான மோங்கோடிபியில் ஒரு ஆவணம் 16 எம்பியைத் தாண்ட முடியாது.

"எஸ்கியூஎல் பெரிய டேட்டாவைத் தாங்காது" என்பது பாதி வதந்தி. குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) மெதுவாக ஓடினால், அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளையை முதலில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தேடலை வேகமாக்கும் ஒரு இன்டெக்ஸ் விட்டுப்போயிருக்கும்.

பழைய ஒப்பீடுகளை நம்பி முடிவெடுப்பதும் ஆபத்து. ரிலேஷனல் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்கியூஎல், ஆவணம் போன்ற தகவலை அப்படியே சேமிக்கும் ஜேசான்பி வகையை 2014-லேயே கொண்டுவந்துவிட்டது. மோங்கோடிபியில் பல ஆவணங்களைச் சேர்த்துச் செய்யும் டிரான்சாக்‌ஷன் (எல்லா மாற்றமும் நடக்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காது என்ற ஏற்பாடு) 2018-ல் வந்தது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே ஜேசான்பி நெடுவரிசையில் கொட்டிவிட்டு "ரிலேஷனல்தான் பயன்படுத்துகிறோம்" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, சரியா?

கடைசியாக, என்ன கேள்வி கேட்கப்போகிறோம் என்று தெரியாமலே கசாண்ட்ரா என்ற நோஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் பக்கம் போவது. அங்கே கேள்வியை வைத்துத்தான் டேபிள் அமைக்க வேண்டும். வாடிக்கையாளர் வாரியாக ஆர்டரைத் தேட அமைத்த டேபிளிடம் போய்ப் பொருள் வாரியாகக் கேட்டால் திணறும். பெரும்பாலும் அதே டேட்டாவை இன்னொரு டேபிளில் மறுபடி எழுத வேண்டிவரும். ரிலேஷனலில் அது குவெரியில் ஒரு நிபந்தனை, வேண்டுமானால் ஒரு இன்டெக்ஸ்.