டாட் நேரோஸ்: பாய்மரப் படகில் முதல் முறை கடப்பவர்களுக்கு

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கும் மட்ஜ் தீவுக்கும் நடுவே டாட் நேரோஸ் என்றொரு இடுக்கு இருக்கிறது. அகலம் சுமார் 60 மீட்டர்தான். கடல் ஏறி இறங்கும்போது இதன் வழியே தண்ணீர் 9 நாட் வேகம் வரை பாயும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கி.மீ.). சிறிய பாய்மரப் படகு இன்ஜினை முழுக்க முடுக்கினாலும் 6 நாட்தான் போகும். ஆகவே அன்றைய பயணத்தைக் காற்றைப் பார்த்து அல்ல, கடிகாரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

முதல் வேலை: சரியான அட்டவணை

இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். கடல் மட்டம் உச்சத்தைத் தொடும் நேரம் வேறு, நீரோட்டம் நிற்கும் நேரம் வேறு. நான் முதல் முறை போனபோது இடுக்குக்கு வடக்கே உள்ள நனைமோ துறைமுகத்தின் டைட் நேரத்தை, அதாவது கடல் மட்டம் ஏறி இறங்கும் நேரத்தை, நம்பிக் கிளம்பினேன். இடுக்கின் வாயில் தண்ணீர் உலை கொதிப்பதுபோல் சுழன்றுகொண்டிருந்தது. திரும்பி ஒதுங்கிக் காத்திருந்தோம். டாட் நேரோஸுக்கென்றே நீரோட்ட அட்டவணை உண்டு. அதில் ஓட்டம் நின்று திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள்; அந்தக் கோடை நேரம் சேர்க்காத அட்டவணையானால் ஒரு மணி கூட்ட வேண்டும்.

இரண்டாவது: புறப்படும் நேரம்

நனைமோவிலிருந்து சுமார் 6 கடல் மைல். 5 நாட் வேகத்தில் 1 மணி 12 நிமிடம். ஓட்டம் 11:10-க்கு நிற்கிறதென்றால் 9:30-க்கே கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கால் மணி, அரை மணி முன்னால் போய்ச் சேருவது நல்லது.

பெருக்கு (கடல் ஏறும்போது வரும் ஓட்டம்) இங்கே வடக்கே பாயும், வற்று (கடல் இறங்கும்போது வரும் ஓட்டம்) தெற்கே. நனைமோவிலிருந்து நாம் தெற்கே போவதால் பெருக்கு முடியும் தறுவாயைத் தேர்ந்தெடுங்கள். லேசான எதிரோட்டத்தில் சுக்கான் கைக்கு அடங்கும். பின்னாலிருந்து தள்ளும் ஓட்டத்தில் படகை நிறுத்தவே முடியாது.

மூன்றாவது: வாயில் காத்திருப்பு

பாயை இறக்கி இன்ஜினில் வாருங்கள். இடுக்குக்குள் காற்றை நம்ப முடியாது. வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சேனலில் உங்கள் படகின் பெயரையும் போகும் திசையையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். மரக்கட்டைத் தெப்பம் இழுக்கும் இழுவைப் படகு வந்தால் அதற்கு வழிவிட்டு நில்லுங்கள்.

பாறையோரக் கெல்ப் பாசியைக் கவனியுங்கள். ஓட்டம் பலமாக இருந்தால் அதன் உருண்டைத் தலை நீருக்குள் இழுபட்டு மறைந்துவிடும். தளரத் தளர ஒவ்வொன்றாக மேலே எழும்பி, வால்கள் தளர்ந்து மிதக்கும். எனக்கு அட்டவணையைவிட இந்தக் காட்சிதான் நம்பிக்கை தரும். அப்போது நுழையுங்கள், சில நிமிடங்களில் மறுபக்கம் வந்துவிடலாம்.

நான்காவது: இரவுத் தங்கல்

இடுக்கைத் தாண்டியதும் வரும் ஸ்டூவர்ட் கால்வாயில் பாயை ஏற்றுங்கள். டி கோர்சி தீவின் பைரேட்ஸ் கோவ் வரை நிதானமாகப் போகலாம். நுழைவாயிலில் பாறைத்திட்டு இருக்கிறது. வரைபடத்தில் உள்ள அடையாளங்களை விட்டு விலகாதீர்கள்.

இப்போதுதான் டைட் அட்டவணை தேவை. நீங்கள் வந்து சேரும்போது கடல் வற்றிக்கொண்டிருக்கும். நங்கூரம் போடும் இடத்தில் ஆழமானி 5 மீட்டர் காட்டுகிறது, மட்டம் இன்னும் 3 மீட்டர் இறங்கும் என்றால் மிஞ்சுவது 2 மீட்டர். உங்கள் படகின் அடிக்கட்டை நீருக்குள் 1.8 மீட்டர் இறங்குமா? அங்கே போடாதீர்கள், இன்னும் ஆழமான இடம் தேடுங்கள்.